அவர் பங்கு மாத்திரை

நாற்காலியில் உட்காரவைத்த உடனே கீழே வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. சிரிங்கம்மா, சிரிங்கம்மா என்கிறார் போட்டோக்காரர். சிரித்தேன். ஒன்றுமில்லை, வழக்கமாகப் படுகிற வெள்ளைதான், இன்றைக்குக் கொஞ்சம் கூடப் படுகிறது, அவ்வளவுதான். வாடகை நாற்காலி. சிவப்பு வெல்வெட்டும் தங்க வண்ணக் கைப்பிடியும், எத்தனை மணப்பெண்கள் உட்கார்ந்து எழுந்தார்களோ. பட்டுச் சேலை, பாவாடை, அதற்குள் மடித்து வைத்த பழைய வேட்டித் துணி, இத்தனையும் தாண்டித்தானே வெளியே தெரிய வேண்டும். தெரியாது. அம்மா வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பை என் கையில் ஏற்றுகிறாள், முகமெல்லாம் சந்தோஷம், பாவம். போன வருஷம் இதே அம்மா என் வளைகாப்புக்கென்று வாங்கி வைத்த சேலையைத் திரும்பக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசக் கூடாது என்று என் மாமியார் பாவாயி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எல்லோரும் பேசாமல் இருக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. சந்தனத்தைக் குழைத்து இரண்டு கையிலும் கன்னத்திலும் அம்மா பூசினாள். நல்லது, நிறையப் பூசட்டும். சந்தன வாசனை கனமாக இருக்கட்டும். காலையில் குளித்து, மறுபடி குளித்து, பவுடரைக் கொட்டி, மல்லிகைப் பூவைத் தலைகொள்ளாமல் வைத்தும் அந்த நாற்றம் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மீன் கழுவிய தண்ணீரை மூலையில் மறந்து வைத்தால் வருமே, அந்தக் கவிச்சி. குனிந்து சந்தனம் பூசுகிறவர்களுக்கும் தெரியுமா? அம்மாவின் முகம் சுளிக்கவில்லை. அம்மாக்களுக்குச் சுளிக்காது. அடுத்து நாத்தனார் கலாமணி வருவார், அவருக்கு மூக்கு நீளம்.

வாங்கோ வாங்கோ, நாத்தனார்தான் வளையல் போட்டு ஆரம்பிக்கணும் என்று யாரோ கூப்பிட, கலாமணி அண்ணி கண்ணாடி வளையல் தட்டோடு வந்து என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் கொசுவத்துக்குள் செருகிய மாத்திரை அட்டை வயிற்றைக் குத்துகிறது. மூச்சை இழுத்தால் மொறுமொறுக்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா? அது என் மாத்திரை இல்லை. என் பங்கை நான் போன வாரமே விழுங்கி முடித்துவிட்டேன், வாயெல்லாம் தகரக் கசப்பு. இது அவர் பங்கு. டாக்டரம்மா இரண்டு அட்டையை மேஜைமேல் தனித்தனியாக வைத்து, இது உனக்கு, இது உன் வீட்டுக்காரருக்கு என்றார். அதைப் பலகாரம் பங்கு வைக்கிற மாதிரி அவ்வளவு சுளுவாகச் சொன்னார். எனக்கு எதுக்கு என்று அவர் கேட்பார். கேட்டால் நான் என்ன சொல்வது? சூடு என்றால் எனக்குத்தானே சூடு, அவர் எதற்கு மாத்திரை தின்ன வேண்டும்? இந்த வீட்டில் எல்லாம் சூடுதான். தலைவலி வந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு. போன வருஷம் வெள்ளை படுகிறது, அரிக்கிறது, ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று நான் வெட்கத்தைவிட்டுச் சொன்னபோதும் மாமியார், "சூட்டு ஒடம்பு அம்மிணி, வவுத்துல புள்ள இருந்தா அப்பிடித்தான் படும். வெந்தயத்த ஊற வெச்சுத் தின்னு, எளநி குடி, செரியாப் போயிரும்" என்றார். தின்றேன், குடித்தேன். டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவினேன், எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். கெட்ட எண்ணத்தில் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. தன்னுடைய தென்னை மரத்தில் ஒரு இளநீர் பாக்கி இல்லாமல் எனக்கு வெட்டிக் கொடுத்தவர் மாமியார். எனக்குள் இருந்த கிருமி அந்த இளநீரில் நன்றாகக் குளித்திருக்கும்.

"கைய எளக்கிக் குடு மோகனா, ஏன் இத்தன வெறப்பா வெச்சிருக்கற?" கலாமணி அண்ணி என் விரல்களை ஒன்றாகக் குவித்து அமுக்கினார். இளக்கினால் இடுப்புக்குக் கீழேயும் இளகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணி, சொன்னால் உங்களுக்குப் புரியுமா? பச்சை வளையல் ஏறியது. இன்னொன்று, இன்னொன்று. வளையல் சத்தம் உள்ளே இருக்கிற குழந்தைக்குக் கேட்கும் என்கிறார்கள். கேட்கிறதா கண்ணு? உள்ளே ஒரு புரளல். இருக்கிறாய். இரு. டாக்டரம்மா என் வெள்ளையைக் கண்ணாடிச் சில்லில் தடவி, குழாய் வைத்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓடுது பாரு என்றார். என்ன டாக்டரம்மா ஓடுது? கிருமி, உயிரோட நீந்துது. இது சூடு இல்லம்மா, ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துறது. எனக்குள் இரண்டு நீந்துகின்றன. ஒன்று உதைக்கிறது, ஒன்று அரிக்கிறது. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு. அந்த ஒருத்தர் யார் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நான் தறிக்கு நூல் போட்டுக்கொண்டு இந்தத் தெருவைத் தாண்டாதவள். அவர் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக்கு வண்டியில் வடக்கே போனால் ஊர் ஊராக, மாசக் கணக்காக. ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் கூடாரம், லாரிக்கு அடியில் தூக்கம், உடம்பு பூராவும் கல்மாவு. அங்கே யார் இருந்திருப்பாள்? அவளுக்கும் அரித்திருக்குமா? அவளுக்கு யார் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்? ச்சே, நான் எதற்கு அவளைப் பற்றி நினைக்கிறேன். அவள் இருக்கிறாளோ இல்லையோ. ஒரு தடவையா, பல தடவையா, கல்யாணத்துக்கு முந்தியா. முந்தி என்றே வைத்துக்கொள்கிறேன். முந்தி என்றால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. இல்லை, முடியவில்லை.

மறுபடியும் இறங்கியது. இந்தத் தடவை வெள்ளை மாதிரி இல்லை, வழவழப்பாக இல்லை, தண்ணீராக இருக்கிறது. அசையாமல் இரு. தும்மல் வந்தால்கூட ஒண்ணுக்குக் கசிகிற மாசம் இது, ஒண்ணுக்காகத்தான் இருக்கும். போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள். புரட்டாசி மாசம், துணி துவைத்துக்கொண்டிருந்தேன், தொடையில் வழிந்தது. ஒண்ணுக்குத்தான் என்றார் மாமியார், ஒண்ணுக்குத்தான் என்றாள் போனில் அம்மா, நானும் ஒண்ணுக்குத்தான் என்று பாவாடையை மாற்றிக்கொண்டு மிச்சத் துணியையும் துவைத்துக் காயப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் இடுப்பைப் பிடித்துவிட்டது. பையன். கண் திறக்கவில்லை. நகம்கூட முளைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு அப்புறம் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். புளியமரத்துப் பக்கம் போனாள், பப்பாளி தின்றாள், துணி அலசக் குனிந்தாள், நேரம் சரியில்லை. எனக்கு அப்போது அதெல்லாம் வேண்டியிருந்தது. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டுமே. போன வாரம் டாக்டரம்மா பழசையெல்லாம் கேட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். இந்தக் கிருமி பனிக்குடத்த பலவீனமாக்கிரும், அப்ப அதனாலயும் போயிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது, இந்தத் தடவ விட்டுராத. தண்ணி மாதிரி வந்துச்சுன்னா நேரம் காலம் பாக்காம ஓடி வா. நேரம் காலம் பார்த்துத்தான் இந்தக் கட்டுச்சோற்று விருந்தே வைத்திருக்கிறார்கள். அம்மா வீட்டில் இருந்து கொண்டுவந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் கல்கண்டுச் சோறும் வாழையிலை மூடி வரிசையாக இருக்கின்றன. ஒற்றைப்படையில் சுமங்கலிகள் சந்தனம் பூசி முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. மாமியார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நிற்கிறார். நடுவில் எழுந்தால் ஆகாதாம். எழாமல் இருந்தால் ஆகுமா அத்தை?

யார் யாரோ வருகிறார்கள், கன்னத்தைத் தொடுகிறார்கள், அட்சதை தலையில் விழுகிறது, பன்னீர் கழுத்தில் இறங்குகிறது. அதுவா இது, பன்னீர்தானா கீழே போனது? பைத்தியம், பன்னீர் எப்படி அங்கே போகும். அவர் எங்கே? அதோ, பந்தல் காலோடு சாய்ந்து நிற்கிறார், மடித்துக் கட்டிய புது வேட்டி முட்டிக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறது, காலையில் ரயிலில் வந்து இறங்கின கண் இன்னும் சிவந்திருக்கிறது. செங்கோட்டுவேலு. மலைமேல் இருக்கிற முருகன் பேர். நல்ல மனுஷன் என்றுதான் ஊர் சொல்லும், நானும் சொல்வேன். பையன் போன அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதவர். காலையில் இருந்து அவரைத் தனியாகப் பிடிக்க முயன்றேன். வீடு முழுக்க ஆள். ரகசியம் பேசலாம் என்றால் அவரிடம் ரகசியம் பேச முடியாது. பள்ளிக்கூடத்தை விட்டதில் இருந்து ரிக்கு வண்டிக் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று பாதிக் காது அங்கேயே போய்விட்டது. நாம் குசுகுசுவென்று சொன்னால் ஆங் என்பார். அவர் குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். கல்யாணமான புதுசில், உப்புமாவில் உப்பே இல்லைடி என்று என் காதோடு அவர் சொன்ன ரகசியத்துக்கு, கொல்லைப்புறத்தில் இருந்து மாமியார் உப்பு ஜாடி இருக்கிற இடத்தைச் சொன்னார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். சித்திரையில் முதல் தடவை மாத்திரை சாப்பிட்டேன், எல்லாம் நின்றுபோய் உடம்பு என்னுடையதாக இருந்தது, கொஞ்ச நாள். வைகாசித் தேருக்கு இவர் வந்தார். மறுபடியும் ஆரம்பித்தது. போன வாரம் மறுபடி போனபோது டாக்டரம்மா திட்டினார். அவரு சாப்பிடாம நீ எத்தன அட்ட தின்னாலும் திரும்பத் திரும்ப வரும், ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வைத்தியம். இன்றைக்கு ராத்திரி என்னைக் கொண்டுபோய் விட அம்மா வீட்டுக்கு வருவார், அங்கே தங்குவார். வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது, இதுவரைக்கும் சொல்லித்தான் இருக்கிறேனா? நம் ஊர் மலைமேல் பாதி ஆணாகப் பாதிப் பெண்ணாக நிற்கிற சாமி. அந்தச் சாமிக்குக் காய்ச்சல் வந்தால் இடது பாதிக்கு மட்டும் மருந்து கொடுப்பார்களா? தேரில் சாமியைப் பார்த்தபோது இதை நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

போதும் போதும், இப்ப ஊட்டுக்காரரக் கூப்பிடுங்க, அவரு சந்தனம் பூசட்டும் என்று பெண்கள் சிரிக்கிறார்கள். முன்னெல்லாம் இது கிடையாது. இப்போது போட்டோவுக்காகப் புருஷனும் வந்து பூச வேண்டும். அவரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். குழந்தையே, நான் இப்போது சொல்லிவிடுகிறேன், சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த நாற்காலியிலேயே சொல்கிறேன். நின்றால் என்ன வழியும் என்று தெரியாது. தொடைக்கு அடியில் பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் குனிந்தார். வியர்வையும் ரயில் வாசனையும் புது வேட்டிக் கஞ்சியும். சந்தனத்தை எங்கே பூசுவது என்று தெரியாமல் என் மூக்கில் பூசினார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் அந்த விரலைப் பார்த்து ஒரு நொடி பாசம் பொங்கியது. வெட்கங்கெட்ட பாசம். கொசுவத்தில் இருந்து அட்டையை உருவி, வெற்றிலைத் தட்டுக்குக் கீழே மறைத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினேன். "ஏனுங்க, இத இன்னிக்கே முழுங்கிப் போடுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்." அவர் காதுக்கு எட்ட வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். எதுக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். ஒரு வாரமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஏனுங்க, இது கிருமி, தண்ணியில இருந்துகூட வந்திருக்கலாம், யாரு மேலயும் தப்பு இல்லீங்க, நம்ம புள்ளைக்காகச் சாப்பிடுங்க. பொய்யை எவ்வளவு அழகாக மடித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. கையை லேசாகத் திறந்து பார்த்தார். பேரைக்கூடப் படிக்கவில்லை, பார்த்த உடனே தெரிந்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இதற்கா இவ்வளவு பயந்தாய் என்கிற நிம்மதி. என் காதோடு குனிந்து ரகசியமாக, அவருடைய அந்த ரகசியத்தில், பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். "அட, இதா புள்ள? இத நான் போன வருசம் ஆடிக்கு வரதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சாச்சே! எனக்கு இப்ப ஒண்ணுமில்ல, வெசனப்படாத."

ஆடிக்கு முன்னால். பையன் போனது புரட்டாசியில். ஆடிக்கு வந்தபோது என் வயிற்றில் காது வைத்துக் கேட்டாரே, பாதிக் காதை. ஒண்ணும் கேக்கல புள்ள, நீ சொல்லு என்ன பண்றான் என்று கேட்டாரே. தனக்கு எரிந்தது, அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்து, தின்று, ஆற்றிக்கொண்டு, நல்ல உடம்போடு வந்து என் வயிற்றில் காது வைத்தார். நான் வெந்தயம் தின்றுகொண்டிருந்தேன். அப்போது என்னிடமிருந்து மறுபடி தொற்றியதைத்தான் இந்த வைகாசியில் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். "என்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?" என் குரல் எனக்கே யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. ஆங் என்றார். மறுபடி கேட்டேன், சத்தமாக. பன்னீர்ச் செம்போடு நின்ற கலாமணி அண்ணியின் கை நின்றுவிட்டது. அவர் கீழே பார்த்தார். "சொன்னாங்க... சம்சாரத்துக்கும் குடுக்கணும்னு சொன்னாங்க. உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? அதுவே செரியாப் போயிரும்னு இருந்துட்டேன்." இந்தத் தடவை மெய்யாகவே மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. நானும் அதே மாதிரிதானே, எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். இல்லை, அதே மாதிரி இல்லை. எனக்கு ஒரு வாரம், அவருக்கு ஒரு பிள்ளை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, தண்ணீர்தான் வந்தது, மறுபடியும் கீழே, இப்போது நிறுத்தாமல்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "உக்காரு அம்மிணி, இன்னும் ஒருத்தரு பாக்கி இருக்குது, ரெட்டப்படையில எந்திரிக்கக் கூடாது" என்று மாமியார் மடக்கிய விரலோடு ஓடி வந்தார். என் கால் வழியாக வழிந்து பந்தல் மண்ணில் சொட்டுவதைப் பார்த்தார். பின்னால் வெல்வெட்டுச் சிவப்பு கருத்துப்போய் இருந்ததையும் பார்த்தார். "ஒண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணுக்கு இல்லீங்க அத்தை. பனிக்கொடம். சூடும் இல்ல, நேரமும் இல்ல. எதுன்னு உங்க மவனக் கேளுங்க. இப்ப ஒரு காரக் கூப்பிடுங்க." இவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசினதே இல்லை. அம்மா தட்டைப் போட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள். அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நடந்தேன், தொடையை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்து ஏந்திக்கொண்டு. ஒவ்வொரு அடிக்கும் அத்தனை வளையலும் குலுங்கின. கேட்கிறதா கண்ணு, உனக்காகப் போட்டதுதான், நன்றாகக் கேட்டுக்கொள். கேட்டுக்கொண்டே உள்ளேயே இரு. இன்னும் வராதே.